வீட்டுத் தரகரும் உறவு என்னும் கடனும்



பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த தமிழ்க் குடும்பம் எதுவாயினும், அது முதலில் சந்திக்கும் மனிதர்களுள் ஒருவர் வீட்டுத் தரகராகவே இருப்பார். போதகரைக்கூட வீடு கிடைத்த பின்புதான் தேடுவார்கள். ஆகையால் அத்தொழிலைக் குறித்து நம் பத்திரிகையில் எழுதுவது தகாத காரியமன்று. நம்முடைய வாலிபரில் பலர் இன்று அதில் இறங்க விரும்புகின்றனர். "கையில் முதல் இல்லை, நாலு பேரைத் தெரியும், அது போதுமா பாஸ்டர்?" என்று என்னிடம் கேட்கின்றனர். கடை வாடகை இல்லை, சரக்கு வாங்க வேண்டியதில்லை, ஒரு கைப்பேசியும் நல்ல செருப்பும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்பது மெய்தான். ஆனால் அந்த "நாலு பேரைத் தெரியும்" என்பதில்தான் இத்தொழிலின் வாழ்வும் தாழ்வும் அடங்கியிருக்கிறது.

எனக்கு நன்கு அறிமுகமான ஒரு சகோதரரின் வழியாகவே இதைச் சொல்ல முடியும். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, காகிதக் கடையொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் அவர். கடை மூடப்பட்டதும் கல்யாண் கிழக்கில் வீட்டுத் தரகைத் தொடங்கினார். தானேயிலும் வீடு காட்டுவேன், பன்வெலிலும் மனை காட்டுவேன் என்று அவர் அலையவில்லை. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகத்தக்க சில தெருக்களை மட்டும் தமக்கென்று குறித்துக்கொண்டார். அந்தத் தெருக்களின் வாட்ச்மேன்கள், பால்காரர், இஸ்திரி போடுகிறவர், பிளம்பர், சொசைட்டி செயலாளர் ஆகிய யாவரையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகினார். மராத்தியைக் கற்றுக்கொண்டார். எந்தக் கட்டடத்தில் கோடையில் தண்ணீர் லாரி வரும், எந்த மாடியில் மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறும், எந்தச் சொசைட்டி மீன் சமைக்கிறவர்களுக்கு வீடு தராது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

கடைசியாகச் சொன்னது நம் ஜனங்களுக்கு மிகவும் நோவு தருகிற விஷயம். சாதியையும் மதத்தையும் உணவையும் கேட்டு வீடு மறுக்கும் வழக்கம் இந்நகரத்தில் இன்றும் உண்டு. அநேகத் தரகர்கள் இதை அறிந்திருந்தும் மறைத்து, நான்கு வீடுகளுக்கு அழைத்துச் சென்று, வாசலிலே அவமானப்படவிட்டு, பின்பு தாங்கள் நினைத்த ஐந்தாவது வீட்டை அதிக வாடகைக்குத் தள்ளிவிடுவார்கள். இவரோ முன்னதாகவே உள்ளதைச் சொல்லிவிடுவார். அந்த ஒரு குணத்துக்காகவே அவரைத் தேடி வந்தவர்கள் பலர்.

மும்பையில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறையில் எழுதப்படுகிறது. ஒரு மாத வாடகை தரகருக்கு என்பது பரவலான வழக்கம். சகோதரர் ஒரு நீள நோட்டில் ஒவ்வோர் ஒப்பந்தமும் முடியும் தேதியை எழுதி வைத்து, ஒன்றரை மாதத்துக்கு முன்பே இரு தரப்பாருக்கும் தொலைபேசியில் பேசிவிடுவார். அதே வீட்டில் அதே குடும்பம் நீடித்தால், புதுப்பிப்பதற்கென்று மறுபடி தரகு கேட்பதில்லை. பதிவுச் செலவை மட்டும் வாங்குவார். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 இத்தகைய ஒப்பந்தங்களை எழுத்தில் எழுதிப் பதிவு செய்ய வேண்டுமென்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது, தவறினால் தண்டனையும் உண்டு. "நமக்குள் என்ன பத்திரம்?" என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் அவர் இதை எடுத்துச் சொல்லாமல் விடுவதில்லை. குடியேறும் நாளில் வீட்டின் ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் எடுத்துக்கொள்வார். காலி செய்யும்போது டெபாசிட் பணத்தில் வரும் சண்டைகள் பெரும்பாலும் அந்தப் படங்களாலேயே தீர்ந்துபோகும். தரகு கைக்கு வந்து 11 மாதம் கழிந்த பின்பு செய்யும் இந்த வேலைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆனால் வீடு வாங்கும் காலம் வரும்போது அந்தக் குடும்பம் அவரிடமே வரும். தன் மைத்துனனையும் அழைத்து வரும்.

வீடு விற்பது வாடகையைப் போன்றதன்று. அங்கே ஒரு குடும்பத்தின் இருபது வருட உழைப்பு கைமாறுகிறது. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் 2017 மே மாதம் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பதிவு செய்யப்பட்ட புதிய கட்டடத் திட்டங்களில் வீடு விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், கட்டுமானக்காரர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. வாங்குகிறவர்களிடமிருந்து பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆகிலும் எண்ணைப் பார்த்தவுடன் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. கல்யாண்–டோம்பிவிலி மாநகராட்சி எல்லைக்குள் போலி அனுமதிப் பத்திரங்களைக் கொண்டு ரெரா எண் பெற்றிருந்த 65 கட்டடங்களை இடிக்கும்படி மும்பை உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. அவற்றுள் குடியிருந்தவர்கள் எல்லாரும் எண்ணைப் பார்க்காதவர்களா? நம் சகோதரர் ரெரா இணையதளத்தைப் பார்த்ததோடு நில்லாமல், கட்டட அனுமதியின் நகலை எடுத்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்கே நடந்து போய் விசாரிக்கிறவர். அந்த நடை அவருக்குப் பல வியாபாரங்களை இழக்கச் செய்தது.

இதில் நான் என் குறையையும் சொல்ல வேண்டும்.

2013ஆம் ஆண்டில் நம் ஊர்ப்பக்கத்து மனைகளைத் தவணையில் விற்கும் ஒருவர், ஆராதனை முடிந்த வேளையில் என்னைச் சந்தித்தார். ஊரும் உறவும் சொன்னார். என் தாய்மாமன் குடும்பத்தையே அறிந்திருந்தார். சாலையோரம் கல் நட்ட மனைகளின் படங்களைக் காட்டினார். மாதம் இவ்வளவு கட்டினால், முதிர்வயதில் சொந்த மண்ணில் ஒரு வீடு. பெருநகரத்துச் சால் அறைகளில் முடங்கிக் கிடக்கும் என் ஜனங்களுக்கு இதைவிட இனிய செய்தி உண்டோ என்று எண்ணி, நானே அறிவிப்பில் அவரை அறிமுகப்படுத்தினேன். தரகுச் சகோதரர் என்னைத் தனியே அழைத்து, "பாஸ்டர், டி.டி.சி.பி. அங்கீகார எண்ணை மட்டும் கேட்டு வாங்குங்கள், பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொன்னால் நம்பவேண்டாம்" என்றார். தொழில் பொறாமையால் பேசுகிறார் என்று நினைத்தேன். அவரிடம் அப்படியே சொல்லியும்விட்டேன்.

அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. தவணை முடியாதிருந்தவர்களின் மனைகள் அப்படியே நின்றன. விற்றவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார். 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உண்டான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தத் தமிழக அரசு 2017 மே மாதத்தில் விதிகளை வெளியிட்டது. ஆனால் அதற்கு யார் விண்ணப்பிப்பது, எந்த அலுவலகத்தில் என்று அறிந்தவர் எங்களுள் ஒருவருமில்லை.

அப்போது வந்தவர் அந்தச் சகோதரர்தான். நான் சொன்ன வார்த்தையை அவர் எனக்கு நினைப்பூட்டவில்லை. சொந்தச் செலவில் ரயிலேறிப் போய், சர்வே எண்களை எடுத்து, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடத்தை ஒப்பிட்டுத் திரும்பினார். பத்திரம் முடித்திருந்தவர்களுக்கு வரன்முறைக் கட்டணம் கட்டும் வழி உண்டென்று காட்டினார். பத்திரம் ஆகாதவர்களுள் சிலருக்கு, விற்றவரின் வீட்டாரிடம் பேசிக் கொஞ்சம் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொடுத்தார். சில மனைகளுக்கு வழியே இல்லை. அவை ஓடைப் புறம்போக்கில் இருந்தன. நீர்நிலையை வரன்முறைப்படுத்த எந்த விதியும் இடம் தராது.

விற்றவரும் உறவைக் கொண்டுதான் தொழில் செய்தார், இவரும் உறவைக் கொண்டுதான் செய்கிறார். உறவு இருப்பதால் காகிதத்தைப் பார்க்க வேண்டாம் என்றார் அவர். உறவு இருப்பதால் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்கிறார் இவர். விசுவாசிகள் என்ற உறவு இதில் இன்னும் ஆபத்தானது. ஏனெனில் சபைக்குள் கேள்வி கேட்கிறவன் அவிசுவாசியாக எண்ணப்படுவான். பரதேசியாய்த் தங்கியிருந்த ஆபிரகாம் மனைவியை அடக்கம்பண்ண நிலம் கேட்டபோது, எப்பெரோன் அதைச் சும்மாவே தருவதாக ஊரார் முன் சொன்னதை நாம் வாசித்திருக்கிறோம். துக்க வீட்டில் வந்த அந்த அன்பான வார்த்தையை ஆபிரகாம் பிடித்துக்கொள்ளவில்லை. 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்து, வயல், குகை, எல்லையிலுள்ள மரங்கள் வரை சாட்சிகள் முன்பாக உறுதிப்படுத்திக்கொண்டான். பல முறை அப்பகுதியைப் பிரசங்கித்தவன் நான். 2013இல் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இத்தொழிலில் இறங்கும் வாலிபருக்கு ஒரு வார்த்தை. சபையாரிடம் விற்காதே என்று நான் சொல்லவில்லை. உன் தரகு எவ்வளவு, விற்பவரிடமும் வாங்குகிறாயா என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடு. ஆராதனை மண்டபத்தில் வியாபாரம் பேசாதே. ரொக்கமாகக் கொடுங்கள் என்று கேட்கும் விற்பனையாளருக்குத் துணைபோகாதே. நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. பவர் பத்திரத்தை மட்டும் காட்டிச் சால் அறையை விற்கிறவர்களிடமிருந்து விலகியிரு. அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தீர்ப்பளித்துவிட்டது.

சகோதரருக்கு இப்போது இரண்டு உதவியாளர்கள் இருக்கிறார்கள். பெயர்ப்பலகை இன்னும் வைக்கவில்லை. அன்று மனையில் பணம் இழந்த குடும்பங்களுள் சில, பின்னர் பத்லாபூரிலும் அம்பர்நாத்திலும் அவர் வழியாகவே சிறு வீடுகள் வாங்கின. ஓடையில் மனை வாங்கிய விதவைத் தாயார் மட்டும் இன்றும் வாடகை வீட்டில் இருக்கிறார். அவருடைய தவணை ரசீதுகள் என் மேசை அறையில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பத் தரும்படி அவர் இதுவரை கேட்கவில்லை.