வேலை பார்த்துக்கொண்டே டிகிரி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

‘வேலையில் இருந்தபடியே பட்டதாரி ஆகலாம்’ என்ற போஸ்டர்களுக்கு எங்கள் சங்கரன்கோவிலில் பஞ்சமே இல்லை. விசைத்தறிக் கூடத்திலும் ஜவுளிக் கடையிலும் பகல் முழுக்க உழைப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்புதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்ற நண்பர்கள் பலர் “எந்தப் படிப்பில் சேரலாம்?” என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நீங்கள் சேரும் ஆண்டில், அந்தப் படிப்பை, அந்த முறையில் நடத்த அனுமதி இருக்கிறதா?

பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வியில் பொறியியல் பட்டங்களை வழங்கி வந்தன. அவற்றில் ஒன்று நம் சேலத்தில் உள்ளது. இவை போலிப் பல்கலைக்கழகங்கள் அல்ல. ஆனால் பொறியியலைத் தொலைநிலையில் நடத்த உரிய அனுமதி அவற்றிடம் இல்லை. ஒடிசாவில் ஒரு பதவி உயர்வு வழக்காகத் தொடங்கிய இந்த விவகாரத்தில் 2017 நவம்பர் 3-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன, ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் வென்றால்தான் அவை மீண்டும் செல்லும் என்றானது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. படித்து முடித்து, பதவி உயர்வும் பெற்று, குடும்பம் குழந்தை என்று ஆனவர்கள் மறுபடி பரீட்சை எழுத வேண்டிய நிலை!

சரி, எப்படிப் பார்ப்பது? கூகுளில் படிப்பின் பெயரை டைப் செய்தால் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். அருகில் ‘ஸ்பான்சர்டு’ என்று சின்னதாக இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டி.இ.பி.யின் தளத்திற்குச் செல்லுங்கள். அட்ரஸ் பாரில் டிஇபி, யுஜிசி, ஏசி, இன் என்ற நான்கு பகுதிகள் புள்ளிகளால் பிரிக்கப்பட்டு, இதே வரிசையில் இருக்க வேண்டும். இடையில் வேறு சொல் நுழைந்திருந்தால் அது வேறு யாரோ நடத்தும் தளம்.

அந்தத் தளத்தில் அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஆண்டு வாரியாக இருக்கும். சேர்க்கையும் ஜனவரி, ஜூலை என இரண்டு பருவமாக நடக்கும். தொலைநிலைக்கும் ஆன்லைனுக்கும் பட்டியல்கள் தனித்தனி. உங்கள் பருவத்திற்கான பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டுமல்ல, படிப்பின் பெயரையும் தேடுங்கள். கன்ட்ரோல், எஃப் இரண்டு கீயையும் சேர்த்து அழுத்தினால் தேடும் கட்டம் வரும். நாக் தரம் ‘ஏ’ என்று விளம்பரத்தில் இருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அது நிறுவனத்திற்கான மதிப்பீடு, நீங்கள் சேரும் படிப்புக்கான அனுமதி அல்ல.

பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் எப்போதுமே தொலைநிலையில் கிடையாது. 2025 ஜூலை பருவம் முதல் உளவியல், ஊட்டச்சத்து போன்ற படிப்புகளையும் நிறுத்திவிட்டார்கள். போன வருடம் அண்ணன் சேர்ந்தார், இந்த வருடம் நான் சேர்கிறேன் என்ற கணக்கு இங்கே செல்லாது.

வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டடி சென்டர்’ என்று நம் ஊரில் யாராவது போர்டு மாட்டியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். இக்னோ போன்ற மத்தியப் பல்கலைக்கழகம் தவிர மற்றவை தங்கள் எல்லைக்குள்தான் தொலைநிலைக் கல்வி நடத்தலாம். ஃபிரான்சைஸ் கொடுக்கவும் தடை உள்ளது. 2024 முதல் சேர்க்கைக்கு டி.இ.பி. ஐ.டி. என்ற எண் கட்டாயம். அதை மாணவரே அதே தளத்தில் உருவாக்க வேண்டும். “நாங்களே போட்டுத் தருகிறோம், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்கள்” என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

அரசு வேலைக்காகப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 அல்லது அதற்கு இணையான படிப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தைத் தமிழக அரசு 2009 ஆணைப்படி வேலைக்கு ஏற்பதில்லை.

டிப்ளமோ முடித்து பி.இ. ஆசைப்படுபவர்கள் கல்லூரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். மாலை நேர பகுதிநேரப் படிப்புகள் உண்டு; 2023-24 முதல் வேலை பார்ப்போருக்கென ஏ.ஐ.சி.டி.இ. தனி அனுமதியும் தருகிறது. கம்ப்யூட்டர் துறையில் ஆர்வம் என்றால், 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பைப் பாருங்கள். ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரத் தகுதிச் சுற்றைத் தாண்ட வேண்டும். பாடம் வீட்டில், பரீட்சை நேரில். ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம் ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஷிஃப்ட் வேலை என்றால் முதல் பருவத்தில் இரண்டு பாடத்திற்கு மேல் எடுக்காதீர்கள். இது என் யோசனை.

பணம் கட்டும் நாளில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் படிப்பின் பெயர் உள்ள டி.இ.பி. பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோலுடன் பி-யை அழுத்தி, பிரிண்டர் இருக்கும் இடத்தில் ‘சேவ் ஆஸ் பி.டி.எஃப்.’ என்பதைத் தேர்ந்தெடுத்து சேமியுங்கள். கூடுதல் அமைப்புகளில் ஹெடர் என்பதை டிக் செய்தால் தேதியும் பக்க முகவரியும் அதிலேயே பதிவாகிவிடும். வேலையில் சேர்ந்த பிறகு சான்றிதழைத் தனியாகச் சரிபார்ப்பது எங்கள் துறையில் வழக்கம். அந்தச் சமயத்தில் கட்டண ரசீதோடு இந்த ஃபைலும் கையில் இருக்கட்டும். ஒரு காப்பியை மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்; ஹார்ட் டிஸ்க் எப்போது மக்கர் செய்யும் என்று சொல்ல முடியாது.