அகன்ற கோண லென்ஸும் மனித உருவமும்

சிறிய வகுப்பறை ஒன்றில் நாற்பது மாணவரை ஒரே படத்தில் அடக்க வேண்டியிருக்கிறது. காமிராவைப் பின்னே கொண்டு செல்லச் சுவர் இடந்தருவதில்லை. அகன்ற கோண லென்ஸ் தேவைப்படுவது இத்தகைய இடங்களில்தான். ஆனால் படம் வந்ததும் பார்த்தால், நடுவில் இருப்போர் இயல்பாகவும், இரு ஓரங்களில் இருப்போர் தலை பருத்தும் தோள் அகன்றும் வேறு யாரோ போலவும் தோன்றுகின்றனர். பள்ளிச் சுவரில் பல்லாண்டு தொங்கப்போகும் படம் அது. ஓரத்தில் நின்ற குழந்தைக்கு அஃது ஒரு சிறு அநீதி. முன்கழுத்துக் கழலை, உடல் மெலிவு ஆகியவற்றைப் பதிவு செய்யக் களப் பணியாளர் எடுக்கும் படங்களிலோ இஃது அழகுக் குறையாக மட்டும் நிற்பதில்லை, பதிவே பிழையாகிவிடும்.

பழியை லென்ஸின் மேல் போடுவது வழக்கம். உண்மையில் இதற்குக் காரணங்கள் இரண்டு. இரண்டும் வடிவ கணிதத்தைச் சார்ந்தவை. விலையுயர்ந்த லென்ஸிலும் அவை நீங்குவதில்லை.

முதலாவது, காமிராவுக்கும் மனிதருக்கும் இடையே உள்ள தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு எனக் கொள்வோம். காமிரா மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கும். ஆகவே காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் இவ்விகிதம் 1.08 ஆகக் குறைந்துவிடும். கையை நீட்டிச் செல்பேசியில் தம்மைத் தாமே படமெடுப்போர் பலர் தம் மூக்கைப் பற்றிக் கவலைப்படுவதற்கு இதுவே காரணம். 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்த படத்தில், ஒன்றரை மீட்டரில் எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 சதவீதம் அகன்று தோன்றும் என அமெரிக்காவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இங்கு லென்ஸின் குவியத் தூரத்திற்கு யாதொரு பங்கும் இல்லை. ஒரே இடத்தில் நின்று 28 மில்லிமீட்டர் லென்ஸாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸாலும் படமெடுத்து, முதற்படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால், இரு முகங்களும் ஒன்றுபோலவே இருக்கும். அகன்ற கோண லென்ஸ் செய்யும் தீங்கெல்லாம், முகம் சிறிதாகத் தெரிகிறதே என்று படமெடுப்பவரை அருகே இழுப்பதுதான்.

பாரிஸ் காவல்துறையில் பணியாற்றிய பெர்த்தியோன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை உணர்ந்து, நாற்காலியையும் காமிராவையும் மாறாத தூரத்தில் நிறுத்தினார். அதனாலேயே ஒருவருடைய படங்களை ஆண்டுகள் கழித்தும் ஒப்பிட முடிந்தது. களப் பதிவுக்கும் இவ்விதி பொருந்தும். தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போதும்.

இரண்டாவது காரணம் ஓரங்களைச் சார்ந்தது. இதை வகுப்பறையிலேயே காட்டலாம். இருட்டறையில் சிறிய மின்விளக்கு ஒன்றை, மூடியும் வளைதகடும் இன்றி, சுவருக்கு எதிரே வைத்து, இடையில் ஒரு பந்தைப் பிடிக்க வேண்டும். விளக்கிற்கு நேரே பிடித்தால் நிழல் வட்டமாக விழும். சுவருக்கு இணையாகப் பந்தைப் பக்கவாட்டில் நகர்த்தினால் நிழல் நீள்வட்டமாகி, விலக விலக இழுபடும். பந்து மாறவில்லை, ஒளி சாய்ந்து விழுவதே காரணம். நேர்கோடுகளை நேராகவே காட்டும் லென்ஸும் ஓரத்திலுள்ள தலையை இவ்வாறே இழுக்கிறது.

இழுப்பின் அளவை எளிதில் கணக்கிடலாம். 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள சட்டத்தின் பக்க ஓரத்தில், 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒரு கோளத்தை 1.06 மடங்கு அகலமாக்கும், எவரும் அறியார். 35 மில்லிமீட்டரில் இது 1.12, கூர்ந்து நோக்குவோர்க்கு மட்டும் தெரியும். 28இல் 1.19, 24இல் 1.25, 20இல் 1.35. மனிதரைப் பொறுத்தவரை 28க்கும் 24க்கும் இடையே ஓர் எல்லை உண்டு எனலாம். 24ஐயும் அதற்குக் கீழ்ப்பட்டவற்றையும், சுற்றுப்புறமே முக்கியமாக, மனிதர் நடுவில் நிற்கும் படங்களுக்கு ஒதுக்குவதே தக்கது. செல்பேசியின் முதன்மைக் காமிரா பெரும்பாலும் 24 முதல் 28 வரையான லென்ஸுக்கு ஒப்பானது. அதிலுள்ள மிகையகலக் காமிரா 13 அல்லது அதற்குச் சற்று மேல். 13இன் ஓரத்தில் இழுப்பு 1.7 மடங்கு. முகங்களை மட்டும் கண்டறிந்து, பின்னணிக் கோடுகள் வளையாதபடி திருத்தும் கணினி முறை ஒன்றை 2019இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அத்தகைய திருத்தம் கண்ணுக்கு இனியது; ஆயினும் அளவெடுக்க வேண்டிய படத்தில் அதை நம்பலாகாது.

இங்கு ஒரு விந்தையும் உண்டு. கோடுகளைச் சற்றுப் பீப்பாய் போல் வளைக்கும் குறையுள்ள லென்ஸ், ஓரத்து முகங்களை அவ்வளவாக இழுப்பதில்லை. குறையே இல்லாத லென்ஸ்தான் முழுமையாக இழுக்கிறது. 1900இல் ஜெர்மனியின் கோயர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஹைப்பர்கான் 130 பாகைக்கு மேல் கண்டது. கோடுகள் பிறழாமையால் கட்டடங்களுக்குப் பெயர் பெற்றது. ஓரத்தில் ஒளி மிகக் குறைந்ததால், நடுப்பகுதியின் ஒளியைத் தடுக்கச் சுழலும் நட்சத்திரத் தகடு ஒன்றை அதன் முன்னே பொருத்தியிருந்தனர். அதன் ஓரத்தில் மனிதரை நிறுத்துவது பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை.

மீண்டும் வகுப்பறைக்கு வருவோம். நாற்பது பேரைப் பத்துப் பேராக நான்கு வரிசையில் அமர்த்தினால், வரிசையின் அகலம் ஏறத்தாழ 4.5 மீட்டர் ஆகும். இதை அடக்க 24 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 3 மீட்டரும், 28க்கு 3.5 மீட்டரும், 35க்கு 4.4 மீட்டரும் தூரம் வேண்டும். அதே நாற்பது பேரை எட்டுப் பேராக ஐந்து வரிசையில், தரையில் அமர்வோர், மண்டியிடுவோர், பெஞ்சியில் அமர்வோர், நிற்போர், பெஞ்சிமேல் நிற்போர் என அமைத்தால் அகலம் 3.6 மீட்டராகச் சுருங்கும். 35 மில்லிமீட்டர் லென்ஸே 3.5 மீட்டரில் அடக்கிவிடும். பக்கங்களில் ஓரடி இடம் விட மேலும் அரை மீட்டர் பின்வாங்கினால் போதும். புதிய லென்ஸ் வாங்குவதைவிட இது மலிவு.

வரிசையைப் பிறைபோல் வளைத்து அமர்த்தும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. 1904இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் காமிராவைப் போன்று, படமெடுக்கும்போதே சுழலும் காமிராவுக்கு அது ஏற்றது. அசையாது நிற்கும் காமிராவுக்கோ அது தீங்கே. 24 மில்லிமீட்டர் லென்ஸின் முன், காமிராவை மையமாகக் கொண்டு பிறையாக அமர்ந்தால், முனையில் இருப்பவர் உயரத்தில் 1.25 மடங்கும் அகலத்தில் 1.56 மடங்கும் பெரிதாவார். நேர்வரிசையில் உயரமேனும் மாறாது.

காமிராவைச் சாய்த்தாலும் இதே தொல்லை வரும். நின்றபடியே குழந்தைகளைக் கீழ்நோக்கி எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுக்கும். மெலிந்த குழந்தையின் படத்தில் இது தவறான முடிவுக்கு இடமளிக்கும். படமெடுப்பவர் மண்டியிட்டு, காமிராவைக் குழந்தையின் மார்பளவில், தரைக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும்.

அகன்ற கோணத்திற்குத் தனி நன்மையும் உண்டு. 28 மில்லிமீட்டர் லென்ஸின் துவாரத்தை 8இல் வைத்து 3.3 மீட்டருக்குக் குவித்தால், 1.65 மீட்டர் முதல் தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். சந்தையிலோ களத்துமேட்டிலோ வேலை செய்வோரை, குவியம் திருத்தக் காத்திராமல், அவர்கள் வேலை தடைப்படாமல் எடுக்கலாம். அத்தகைய படத்தில் முக்கியமானவரை நடுவிலும், மாடு, ஏர், கூடை, மரம் ஆகியவற்றை ஓரத்திலும் வைத்தல் நன்று. கூடை சற்று நீண்டு தெரிவதால் எவரும் வருந்தப் போவதில்லை.