இணைப்புகளின் கதை – 9: நீளும் போல்ட்

மரத்தில் ஏறும் ஸ்க்ரூவைச் சென்ற வாரம் பார்த்தோம். தன் மரையைத் தானே வெட்டிக்கொண்டு அது உள்ளே போகும். மரத்தின் நார்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். போல்ட் வேலை செய்யும் விதம் வேறு. இரண்டு தகடுகளின் துளையில் அதை நுழைத்து, மறுபக்கம் நட்டைப் போட்டு முறுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது நீள்கிறது. இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டைப் போல, நீண்ட எஃகு பழைய நீளத்துக்கே திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் தகடுகளை நெருக்கிப் பிடிக்கிறது. இழுப்பு போய்விட்டால், மரை எவ்வளவு புதிதாக இருந்தாலும் பயனில்லை.

இதனால்தான் கடையில் தடிமனையும் நீளத்தையும் மட்டும் சொல்லி போல்ட் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தலையையும் பார்க்க வேண்டும். 8.8, 10.9 என்று பொறித்திருப்பார்கள். 8.8 என்றால், அறுபடாமல் குறைந்தது 800 மெகாபாஸ்கல் இழுப்பைத் தாங்கும். அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். பளபளக்கும் எஸ்.எஸ். போல்ட்தான் உறுதியானது என்று பலர் நம்புகிறார்கள். பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 ரகத்தில் இந்த இரண்டு அளவுகளும் 700, 450 மட்டுமே. மழையில் நனையும் கிரில்லுக்கு அது நல்ல தேர்வு. வண்டியில் 8.8 இருந்த இடத்தில் அதைப் போடக் கூடாது.

முறுக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மற்றதெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடும். மரையில் எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். அதே முறுக்குக்கு போல்ட் கூடுதலாக நீளும். எண்ணெய் இல்லாத மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் தடவிய மரையில் டார்க் ரென்ச்சால் கொடுத்தால், சிறிய போல்ட் அறுந்தே போகலாம்.

நட்டு ஏன் தானாகக் கழல்கிறது? 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இதற்கு விடை காட்டினார். மேலும் கீழும் இழுபடுவதைவிட, தகடுகள் பக்கவாட்டில் வழுக்கி அசைவதுதான் நட்டை வேகமாகக் கழற்றுகிறது. அந்த நேரத்தில் மரையின் பிடிமானம் போய்விடுகிறது. எல்லோரும் நம்பிப் போடும் ஸ்பிரிங் வாஷர் இதைத் தடுப்பதில்லை. முழுதாக முறுக்கியதும் அது தட்டையாகிவிடுகிறது; அதன் பிறகு அதுவும் ஒரு சாதாரண வாஷர்தான். 1990இல் வெளியான நாசாவின் கையேடு, பூட்டுவதற்கு அது பயனற்றது என்றே சொல்லிவிட்டது. ஆனாலும் இன்றுவரை வாங்குகிறோம்.

முதலில் சரியான இழுப்பு வேண்டும். அதற்கு மேலும் காவல் தேவைப்பட்டால், நைலான் வளையம் வைத்த நைலாக் நட் இருக்கிறது. கழன்று விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்ற இடத்தில் கேஸில் நட்டும் ஸ்ப்ளிட் பின்னும்தான். பல பைக்குகளின் சக்கர அச்சில் அதைப் பார்க்கலாம். சைலன்சர் பக்கம் மட்டும் நைலாக் வேண்டாம். சூட்டில் நைலான் இளகிவிடும். அங்கே முழுக்க உலோகத்தாலான லாக் நட்டைக் கேட்டு வாங்குங்கள்.

(தொடரும்)