செவிகேளா மழலைக்கு மொழி எது?

செவிகேளாக் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியா, சைகை மொழியா? இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இவ்வினாவோடு திகைக்கும் பெற்றோர் வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு பேச்சே உயர்ந்ததெனத் தீர்மானித்தது. பல நாட்டுப் பள்ளிகளில் சைகை விலக்கப்பட்டது. 2010இல் வான்கூவர் மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

காதொலிக் கருவியும் காக்ளியர் அறுவை மருத்துவமும் பேச்சுக்குத் துணைபுரியும். பலனோ குழந்தைக்குக் குழந்தை மாறும். மொழி வேரூன்றுவது முதல் ஐந்து ஆண்டுகளில். பாளையங்கோட்டையில் நெடுங்காலமாகவே செவிகேளாதோர் பள்ளி உண்டு. ஆயினும் பள்ளிப் பருவம்வரை காத்திருத்தல் ஆகாது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றதை விலக்க வேண்டுவதில்லை. தாய் மட்டுமன்றித் தந்தை, பாட்டி, உடன்பிறந்தோர் யாவரும் சைகை பயில வேண்டும் என்போம். குடும்பம் கூடி உண்கையில் அக்குழந்தை மட்டும் உரையாடலின்றி அமர்ந்திருப்பின், குறை அதன் செவியிலன்று, நம் கைகளிலேயே.