காய்ச்சல் தலைக்கு ஏறும்போது

பாடாங் மேஹா, பாடாங் செராய், குலிம் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு ஒரு வாரம் தாண்டி, இரவில் அவர் பினாத்தத் தொடங்கினால் வீட்டில் இரண்டு பேச்சு எழும். "காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சு" என்பார் ஒருவர். "செம்பனைக்குள்ள ஒண்டியா போனாரில்ல, காத்து கருப்பு அண்டிடுச்சு" என்பார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது மருத்துவத்துக்கு ரொம்பவே நெருக்கம். இரண்டாமவர் பேச்சைக் கேட்டுத் தாயத்துக்கும், மந்திரிக்கும் போமோவுக்கும் அலைவதில் கரையும் ஓரிரு நாள்தான் ஆபத்து. விபூதி பூசட்டும், தவறில்லை. கிளினிக்குக்குக் கிளம்பும்போது பூசிக்கொண்டு போகட்டும்.

கடிப்பது எது?

மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ரத்தம் குடித்து உப்பிக் கிடக்கும் உண்ணியை எல்லாருக்கும் தெரியும். தோட்டப்புறத்தில் அதைவிடக் கவனிக்க வேண்டியது அதன் தூரத்துச் சொந்தமான சிற்றுண்ணி. கால் மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத அதன் குஞ்சு, லாலாங் புல்லிலும், மறுநடவு செய்த செம்பனைகளுக்கு இடையே மண்டும் புதரிலும், எலி நடமாடும் இடங்களிலும் காத்திருக்கும். குஞ்சுப் பருவத்தில் மட்டுமே கடிக்கும், கடித்தது தெரியாது. அது கொண்டுவருவது ஸ்கிரப் டைபஸ். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் இதையே உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன.

மலாயாத் தோட்டங்களுக்கு இது புதிதல்ல. செம்பனைத் தோட்டங்களில் இந்தக் காய்ச்சல் பரவியதை 1920களிலும் 30களிலும் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிளெச்சர், லூத்வெய்ட் போன்றவர்கள் ஆராய்ந்தார்கள். 1948இல் அமெரிக்கரான ஸ்மேடலின் குழு குளோராம்பெனிகால் மருந்தை இதே கோலாலம்பூரில்தான் நோயாளிகளுக்குக் கொடுத்துக் குணம் கண்டது. அதுவரை இதற்குச் சரியான மருந்து இருந்ததில்லை.

அசல் உண்ணியும் சும்மா இருப்பதில்லை. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் 1957இல் வெளிப்பட்ட கியாசனூர் காட்டு நோய் உண்ணியால் வருவது. காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழிந்தபின், சிலருக்கு மறுபடி காய்ச்சலடித்து, தலைவலி, நடுக்கம், மனக்குழப்பம் என்று இரண்டாம் சுற்று வரும். அந்தக் கிருமியின் உறவுக்காரனான லங்காட் வைரசை 1956இல் மலேசியக் காட்டு உண்ணிகளிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள்.

மூளைக்கு என்ன ஆகிறது?

ஸ்கிரப் டைபஸ் கிருமி மெல்லிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் பெருகுகிறது. நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாவற்றிலும் அந்தக் குழாய்கள் இருக்கின்றன. மூளையும் அதன் உறையும் வீங்கினால் நினைவு தடுமாறும். பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் இது நடக்கும். பகலில் ஓரளவு தெளிவாக இருப்பவர் இரவில் இல்லாத ஆளோடு பேசுவார், போர்வையைப் பிய்ப்பார், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, நேரமாகிவிட்டது என்று எழுந்து நிற்பார். சிலர் இதற்கு நேர்மாறு. சத்தமே இல்லாமல் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். "நல்லா ஓய்வெடுக்கிறார்" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால் கத்துகிறவரைவிட இவருக்காகத்தான் அதிகம் பயப்பட வேண்டும். சிலருக்குக் காய்ச்சலோடு காதும் மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

கிளினிக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. "இன்று என்ன கிழமை, இது எந்த இடம்" என்று மருத்துவர் மலாயில் கேட்பார். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி பதில் சொல்லாமல் விழித்தால், அது மொழியா குழப்பமா என்று அவருக்குத் தெரியாது. கூடப் போகிறவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்: "இவர் எப்போதும் இப்படி இல்லை. இந்த இரண்டு நாளாகத்தான்."

கறுப்புப் பொருக்கு

கடித்த இடத்தில் பலருக்கு, எல்லாருக்கும் அல்ல, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, இடுப்பில் கயிறு கட்டும் இடம், காதின் பின்புறம் என்று மறைவாகத்தான் உட்காரும். ஆண்களுக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும், பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும் அதிகம் தேட வேண்டும் என்பது வேலூர் சிஎம்சி மருத்துவர்களின் அனுபவம். நம் பெண்கள் கூச்சத்தால் காட்டமாட்டார்கள். வீட்டிலேயே மகளோ மருமகளோ குளிக்கவைக்கும்போது பார்த்துவிட்டு வந்து சொன்னாலும் போதும்.

டாக்சிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். வழக்கமாகக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியைத் தொடாது. ஆகவே புல் வெட்டினேன், தூண்டில் போடப் போனேன், காட்டோரம் கீரை பறித்தேன் என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். குலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்துக்கு வருகிறவருக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் உண்ணிதான் காரணமா?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்ணி பரப்பும் லைம் நோயைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். 1994 முதல் 2016 வரையிலான டென்மார்க் நாட்டுப் பதிவுகளை வைத்து 2021இல் வந்த ஆய்வு, மருத்துவமனையில் லைம் நோய் உறுதியானவர்களிடம் மனநோய் 28 விழுக்காடு அதிகம் என்றும், தற்கொலை முயற்சி இரு மடங்கு என்றும் கண்டது. அலட்சியப்படுத்தக்கூடிய செய்தி அல்ல. அதற்காக, வருடக்கணக்காக மனச்சோர்வில் இருக்கும் ஒருவரை, லைம் நோயா என்று பார்க்க வெளிநாட்டு ஆய்வகத்துக்கு ரத்தம் அனுப்பச் சொல்லிப் பணம் பறிப்பவர்களை நம்ப வேண்டாம். கடன், வேலையிழப்பு, குடி, தனிமை என்று மனம் உடையத் தோட்டத்தில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

காய்ச்சல் போன பிறகு

காய்ச்சலில் குழம்பியவர் தெளிந்த பிறகு, அந்த இரவுகளில் தான் பேசியதை மற்றவர் சொல்லக் கேட்டுக் கூனிப்போவார். லயத்தில் "பேய் பிடிச்ச ஆளு" என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம். அசதி, மறதி, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை சில வாரம் நீடிக்கலாம். நாள்கூலிக்காரரை உடனே வேலைக்கு விரட்டாதீர்கள். இரண்டு வாரம் கடந்தும் முகம் தெளியாவிட்டால், அரசாங்க கிளினிக்கில் காய்ச்சல் கதையோடு இதையும் சொல்லி மனநலப் பரிசோதனை கேட்கலாம். அங்கிருந்து மென்டாரி மனநல மையத்துக்கு அனுப்பிவைக்கவும் வழி உண்டு. செத்துப்போனால் தேவலை என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவி எண் 15555ஐ அழையுங்கள். அல்லது நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.