அஸ்திவாரங்களை இணைக்கும் பீம் எதற்கு?

2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் வந்த நிலநடுக்கம் மியான்மரின் மாண்டலேயையும் சகாயிங்கையும் சிதைத்தது, யாங்கோன் தப்பியது. ஆனால் அதை உண்டாக்கிய சகாயிங் பிளவு, பெகு வழியாக யாங்கோனுக்குக் கிழக்கிலும் ஓடுகிறது. 1930 மே 5 அன்று அங்கே பூமி அதிர்ந்தபோது பெகு நொறுங்கியது, அன்று ரங்கூன் எனப்பட்ட யாங்கோனிலும் உயிர்கள் போயின.

தின்கன்ஜூன் இருப்பது யாங்கோன் நகரின் கிழக்குத் தாழ்நிலத்தில், ஙமோயெய் ஓடையை ஒட்டி. ஷ்வேடகோன் பகோடா நிற்கும் மேட்டின் உறுதி இந்த வண்டல் மண்ணுக்குக் கிடையாது. இங்கே வீடு கட்டுவோர், மண்ணுக்குள் மறைந்துவிடும் பீமைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தக் கூடாது.

சுவருக்கு அடியில் தரைமட்டத்தில் ஓடுவது பிளிந்த் பீம். சுவரின் பாரத்தைத் தூண்களுக்குக் கொண்டுசெல்வது அதன் வேலை. அதற்கும் கீழே அஸ்திவாரங்களையே இணைப்பது டை பீம். நிலம் குலுங்கும்போது ஒவ்வொரு அஸ்திவாரமும் ஒவ்வொரு பக்கம் நகரப் பார்க்கும். தேர் வடம் பிடித்தவர்களைப் போல அவற்றை ஒன்றாகச் சேர்த்து இழுத்துப் பிடிப்பது இந்த பீம்தான். இழுவிசை, அழுத்தம் இரண்டையும் அது தாங்கியாக வேண்டும். மென்மண்ணில் டை பீம் இல்லாத தனித்தனி அஸ்திவாரங்களை, இந்தியாவின் ஐ.எஸ். 1893 விதியின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு எந்த நிலநடுக்க மண்டலத்திலும் ஏற்பதில்லை.

மனையின் எல்லையில் நிற்கும் தூணுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அடுத்தவர் நிலத்துக்குள் அஸ்திவாரத்தை நீட்ட முடியாததால், தூண் அதன் ஓரத்தில் அமைந்து அஸ்திவாரத்தைச் சாய்க்கப் பார்க்கும். உட்புற அஸ்திவாரத்தோடு அதைப் பிணைக்கும் ஸ்ட்ராப் பீம் அந்தச் சாய்வைத் தடுக்கிறது.

ஒரு தூண் மட்டும் சற்றே அமிழ்ந்தால், பீம் பாரத்தைப் பக்கத்துத் தூண்களுக்குப் பகிர்ந்து விரிசலைக் குறைக்கும். ஆனால் மண்ணே தாங்காத இடத்தில் பீம் மட்டும் போதாது. மண் பரிசோதனை செய்து, தேவையானால் பைல் அல்லது ராஃப்ட் அஸ்திவாரம் போட வேண்டும்.

கான்கிரீட் போடுமுன் இவற்றைப் பாருங்கள்: பீமின் மேலும் கீழும் கம்பி இருக்கிறதா? கம்பிகளின் முனை தூணுக்குள் போதிய நீளம் இறங்கியிருக்கிறதா? தூணருகே ரிங்குகள் நெருக்கமாக இருக்கின்றனவா? கம்பி மண்ணைத் தொடாமல் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா? பொறியாளரை வரவழைத்து வரைபடத்தோடு ஒப்பிட்டு, படமும் எடுத்து வையுங்கள். மண் மூடிய பிறகு பீமில் குறை கண்டால், தரையைத் தோண்டித்தான் சரிசெய்ய வேண்டும்.