ஒட்டுவதா? மாற்றுவதா?

மோட்டார் சைக்கிள் டயர் பஞ்சர் ஆனால் என்ன செய்ய வேண்டும்?

ஒரு சின்ன ஆணி. நீளம் ஓர் அங்குலம். விலை ஒரு ரூபாய்கூட இருக்காது. ஆனால் அது ஒரு குடும்பத்தையே நடு ரோட்டில் நிறுத்திவிடும்!

பஞ்சர் ஆகாத மோட்டார் சைக்கிள் கிடையாது. பஞ்சர் ஆனதும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வருகிறது. ஒட்டினால் போதுமா? புது டயர் போட வேண்டுமா?

ஒட்டுவதற்குச் செலவு குறைவு. புது டயர் என்றால் ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது பெரிய பணம். ஆனால் அந்த வண்டியில் போவதும் அதே குடும்பம்தான்!

நடு வழியில்

செங்கல்பட்டில் வசிக்கும் ஒரு கணவன், மனைவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம். ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, இருவரும் மேல்மருவத்தூர் கோவிலுக்குப் புறப்பட்டார்கள். மதுராந்தகம் தாண்டியது. திடீரென்று வண்டியின் பின்பக்கம் பாம்பு போல நெளிந்தது.

"என்னங்க, வண்டி ஆடுதே!" என்றாள் மனைவி.

கணவன் பதறவில்லை. பிரேக்கை அழுத்தி மிதிக்கவில்லை. கைப்பிடியை உறுதியாகப் பிடித்துக்கொண்டான். ஆக்சிலேட்டரை மெல்லக் குறைத்தான். வண்டி தானாக வேகம் குறைந்தது. சாலை ஓரத்தில் நிறுத்தினான்.

அவன் செய்தது சரி. காற்று இறங்கிய சக்கரத்தில் பிரேக்கை இறுக்கினால் வண்டி சறுக்கி விழும். முன் சக்கரத்தில் காற்று இறங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். வண்டியைத் திருப்புவதே முன் சக்கரம்தான் அல்லவா?

பின் சக்கரத்தில் ஓர் ஆணி பளபளத்தது. பஞ்சர் கடை ஒரு கிலோ மீட்டர் தள்ளி இருந்தது.

"ஏறி மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாமா?" என்று கேட்டாள் மனைவி.

ஒரு நிமிஷம் யோசித்தான் கணவன். வெயில் கொளுத்தியது. ஆனாலும் அவன் வண்டியைத் தள்ளத் தொடங்கினான்.

ஓட்டினால் என்ன ஆகும்?

காற்று இல்லாத டயரை ஓட்டினால், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டயரின் பக்கச் சுவர் நசுங்குகிறது. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் நசுங்குகிறது.

டயர் என்பது வெறும் ரப்பர் அல்ல. அதற்குள் நைலான் போன்ற உறுதியான நூல் அடுக்குகள் இருக்கின்றன. டயரின் பலமே அந்த நூல்தான். நசுங்கி நசுங்கி அந்த நூல் அறுந்துபோகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே டயர் செத்துப்போயிருக்கும்!

டியூபும் தப்பாது. காற்று இல்லாத டயர் ரிம்மில் வழுக்கி நகரும். டியூபையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வு அடியோடு பிய்ந்துவிடும். அந்த டியூபை யாராலும் ஒட்ட முடியாது.

ஆணி குத்தியது சிறு செலவு. அதன்மேல் ஓட்டுவதுதான் அதைப் பெரும் செலவாக்குகிறது. தள்ள முடியாவிட்டால், பஞ்சர் போடுபவரை அந்த இடத்துக்கே அழைத்துவர வேண்டும்.

வாளித் தண்ணீர்

கடைக்காரர் பெரியவர். சக்கரத்தைக் கழற்றினார். லீவரால் டயரின் ஓரத்தை நெம்பி, டியூபை வெளியே எடுத்தார். காற்று அடித்து, வாளித் தண்ணீரில் முக்கினார். ஓர் இடத்தில் குமிழி குமிழியாக வந்தது.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. டியூபை முழுவதும் சுற்றிப் பார்த்தார். நீளமான ஆணி டியூபின் இரண்டு பக்கத்தையும் துளைத்திருக்கும். ஒன்றை மட்டும் ஒட்டினால் அரை மணியில் மறுபடியும் காற்று இறங்கும்.

பிறகு டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துத் தடவினார். முள்ளின் முனை ஒடிந்து உள்ளே நிற்கலாம். அதை எடுக்காமல் போனால் ஒட்டிய டியூப் அதே இடத்தில் மறுபடியும் பஞ்சராகும்.

ஓட்டையைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். சொலுஷன் தடவினார். உடனே ஒட்டவில்லை. ஈரம் போய், தொட்டால் பிசுபிசுக்கும் வரை காத்திருந்தார். அதன் பிறகே பேட்சை வைத்து அழுத்தினார். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் பேட்ச் நிற்காது.

டியூபை எப்போது மாற்ற வேண்டும்? வால்வின் அடியில் கிழிந்தால் மாற்ற வேண்டும். நீளமாகப் பிளந்தால் மாற்ற வேண்டும். பேட்ச் மேல் பேட்சாக ஒட்டியிருந்தாலும் மாற்ற வேண்டும். டயரோடு ஒப்பிட்டால் டியூபின் விலை குறைவு. அங்கே கஞ்சத்தனம் கூடாது.

டியூப் இல்லாத டயர்

இப்போது பல வண்டிகளில் டியூப்லெஸ் டயர் வருகிறது. அதற்குள் டியூப் கிடையாது. டயரின் உள்பக்கம் காற்றுப் புகாத ரப்பர் பூச்சு இருக்கிறது. டயரின் ஓரம் ரிம்மோடு இறுகப் பொருந்தி, காற்றை அடைத்து வைக்கிறது.

டியூப் ஊதிய பலூன் மாதிரி விரிந்து நிற்கிறது. ஆணி குத்தினால் கிழிந்து, காற்று சட்டென்று இறங்கிவிடும். டியூப்லெஸ் டயரில் ஆணியைச் சுற்றி ரப்பர் இறுகப் பிடித்துக்கொள்கிறது. காற்று மெதுவாகத்தான் கசியும். வண்டியை நிறுத்த நேரம் கிடைக்கும்.

ஆகவே, டியூப்லெஸ் டயரில் ஆணியைக் கண்டதும் பிடுங்கக் கூடாது! ஆணியே ஓட்டைக்கு மூடியாக இருக்கிறது. காற்று இருக்கிறதா என்று பார்த்து, மெதுவாகக் கடைக்குப் போக வேண்டும். அங்கே பிடுங்கிக்கொள்ளலாம்.

கடையில் வெளியிலிருந்தே ரப்பர் திரியைச் செருகி ஓட்டையை அடைப்பார்கள். ஐந்து, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். டயரைக் கழற்றி, உள்பக்கம் சோதித்து, உள்ளிருந்து பேட்ச் வைப்பது அதைவிட நல்லது. உள்ளே நூல் அறுந்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது.

சிலர் டியூப்லெஸ் டயருக்குள் ஒரு டியூபைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், காற்று சட்டென்று இறங்கும் பழைய ஆபத்து திரும்ப வந்துவிடும்.

நான்கு கேள்விகள்

ஒட்டுவதா, மாற்றுவதா என்று முடிவு செய்ய நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று: ஓட்டை எங்கே இருக்கிறது? ரோட்டில் படும் நடுப் பாகத்தில் இருந்தால் ஒட்டலாம். பக்கச் சுவரில் இருந்தால் டயரை மாற்ற வேண்டும். பக்கச் சுவர் மெல்லியது. சக்கரம் சுற்றும்போதெல்லாம் அது வளைந்து நிமிர்கிறது. அங்கே வைத்த ஒட்டு நிற்காது.

இரண்டு: ஓட்டை எவ்வளவு பெரிது? ஆணி குத்திய சிறு துளை என்றால் ஒட்டலாம். 6 மில்லி மீட்டருக்கு மேல் போனால் ஒட்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. கண்ணாடியோ இரும்புத் தகடோ நீளமாகக் கிழித்திருந்தாலும், உள்ளே நூல் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

மூன்று: காற்று இல்லாமல் ஓடியதா? அப்படி ஓடியிருந்தால் டயரைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் சுருக்கமோ, வெடிப்போ, ரப்பர் தூளோ இருந்தால், ஓட்டை எவ்வளவு சிறியதானாலும் அந்த டயர் உதவாது.

நான்கு: டயருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது? டயரில் உள்ள பட்டன்களின் பள்ளம் மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக இருக்கிறது. பள்ளம் தேய்ந்துபோனால் ஈர ரோட்டில் டயர் வழுக்கும். இரு சக்கர வண்டியின் டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது இந்திய மோட்டார் வாகன விதி.

0.8 மில்லி மீட்டரை எப்படி அளப்பது? அளக்க வேண்டாம். பள்ளத்துக்குள் சிறு சிறு ரப்பர் மேடுகள் இருக்கின்றன. அவை எங்கே என்று காட்ட, டயரின் பக்கத்தில் சிறு முக்கோணக் குறி இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது.

வயதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது என்று பொருள். ஐந்து ஆண்டு ஆன டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கவே கூடாது என்று டயர் கம்பெனிகள் சொல்கின்றன. அதிகம் ஓடாத வண்டிக்கும் இது பொருந்தும். வீட்டில் சும்மா நின்றாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும்.

ஒட்டுப் போட்டவரின் வெற்றி

பஞ்சர் ஒட்டுவது மட்டமான வேலை என்று நினைக்கக் கூடாது. அந்த வேலை சுலபமானதில்தான் டயரே உலகத்தில் நிலைத்தது.

காற்று அடித்த டயருக்கு 1888-ம் ஆண்டில் ஜான் பாய்டு டன்லப் என்பவர் உரிமை பெற்றார். அவர் ஒரு மாட்டு வைத்தியர்! அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் இருந்தவர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அதைச் செய்தார்.

ஆனால் அந்த டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பஞ்சரானால் பிய்த்து எடுத்து, ஒட்டிக் காயவைக்க ஒரு ராத்திரி ஆகும். இதைப் பார்த்த பிரான்ஸ் நாட்டு மிஷலின் சகோதரர்கள், கழற்றி மாட்டும் டயரை 1891-ல் செய்தார்கள். அதே ஆண்டு பாரிசிலிருந்து பிரெஸ்டு வரை சென்று திரும்பும் சைக்கிள் பந்தயம் நடந்தது. தூரம் சுமார் 1,200 கிலோ மீட்டர். மிஷலின் டயர் போட்ட சார்லஸ் தெரோன் என்பவர் முதலாவதாக வந்தார். வழியில் அவருக்கும் பஞ்சர் ஆனது. ஒட்டிக்கொண்டு ஓட்டினார். ஜெயித்தார்!

ஆகவே, நல்ல டயரில் ஒழுங்காகப் போட்ட ஒட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். தேய்ந்த டயருக்குத்தான் பயப்பட வேண்டும்.

பெரியவர் சொன்ன சேதி

மதுராந்தகத்துப் பஞ்சர் கடையிலும் அதுதான் நடந்தது. பெரியவர் டியூபை ஒட்டி முடித்தார். டயரை மாட்டுவதற்கு முன்னால் அதன்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"தம்பி, ஆணி குத்தினது பெரிசில்லை. டியூபை ஒட்டிட்டேன். ஆனா டயரைப் பாருங்க. மொட்டையாயிருச்சு. மழை வந்தா நிக்காது."

கணவனின் முகம் வாடியது. "இந்த மாசம் பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும் அண்ணே. அடுத்த மாசம் பார்த்துக்கலாமா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. மனைவி சொன்னாள்:

"பீசை ரெண்டு தவணையாக் கட்டலாம்ங்க. ரோட்டுல விழுந்தா அதுக்குத் தவணை உண்டா?"

அன்று கோவிலுக்கு அவள் பஸ்ஸில் போனாள். வீட்டுக்கும் பஸ்ஸில்தான் திரும்பினாள். கணவன் தனியாக, மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தான். மறுநாள் புது டயரும் புது டியூபும் போட்டான். பழைய டயரின் பக்கத்தில் இருந்த அளவைப் படித்து, அதே அளவில் வாங்கினான். டயரில் உள்ள அம்புக்குறி, சக்கரம் சுற்றும் திசையைக் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொண்டான். புது டயரின் மேல்பாகம் வழவழப்பாக இருக்கும். அதனால் முதல் சில நாள் வளைவுகளில் சாய்த்து ஓட்டவில்லை.

வாரம் ஒரு முறை

பஞ்சரை அடியோடு தடுக்க முடியாது. குறைக்கலாம். வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் காற்றைச் சோதிக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. பின்னால் ஆள் ஏறினால் பின் சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும்.

அப்போதே டயரையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். பட்டன் நடுவில் சிக்கிய கல்லையும் கண்ணாடித் துண்டையும் எடுத்துவிட வேண்டும். மழைக் காலத்தில் இது மிகவும் முக்கியம். ஈரமான ரப்பரில் ஆணியும் கண்ணாடியும் வழுக்கிக்கொண்டு சுலபமாக உள்ளே இறங்கும்.

ஐந்து நிமிஷ வேலை. வீட்டில் உள்ள சிறுவர்களைக்கூடப் பார்க்கச் சொல்லலாம். முக்கோணக் குறி எங்கே இருக்கிறது என்று அவர்கள் அப்பாவுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்!

வண்டியின் மற்ற பாகங்கள் எல்லாம் ரோட்டைத் தொடுவதில்லை. டயர் மட்டும்தான் தொடுகிறது. அதுவும் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத்தான். அந்த இரண்டு உள்ளங்கையை நம்பித்தான் குடும்பம் போகிறது.